ஆடு மேய்ப்பது யார்?

கிரேக்க நாட்டின் மலைகளைப் பற்றி ஜவ்வாது மலையில் பாடம் நடத்துவதில் ஓர் எளிமை உண்டு. கரும்பலகையில் மலை வரைய வேண்டிய வேலை இல்லை. சன்னலைத் திறந்துவிட்டால் போதும். ஒரு முகட்டுக்கு அப்பால் மற்றொரு முகடு. இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம். பள்ளத்தில் இருபது வீடு. அந்த இருபது வீட்டுக்கும் ஓர் ஊர்ப்பெயர். அவ்வூரிலிருந்து இவ்வூருக்குப் பறவைக்குக் கூப்பிடு தொலைவு. மனிதனுக்கோ அரை நாள் நடை.

“பார்த்தீர்களா பிள்ளைகளே, இப்படித்தான் இருந்தது கிரேக்கமும்” என்று தொடங்கினோம். மலை குறுக்கே நின்றது. மக்கள் பிரிந்து வாழ்ந்தனர். பள்ளத்தாக்குக்கு ஒரு நகர், நகருக்கு ஓர் அரசு, இப்படி ஆயிரத்துக்குக் குறையாத நகரரசுகள். சிறிய அரசு, ஆகையால் எல்லாரும் ஓரிடத்தில் கூட முடிந்தது. கூடினர், பேசினர், கைதூக்கினர், சட்டம் செய்தனர். மன்னன் இல்லை, மகுடம் இல்லை, மண்டியிடல் இல்லை. மக்களாட்சி பிறந்தது ஏதென்ஸ் நகரில்! சொல்லி முடித்தபோது நமக்கே ஒரு பெருமிதம், நாமே அந்நகரத்துக் குடிமகன் என்பது போல.

நாம் முடித்த இடத்தில் தொடங்கினாள் ஒரு சிறுமி.

“எல்லாரும் கூட்டத்துக்குப் போயிட்டா ஆட்டை யாரு சார் மேய்ப்பாங்க?”

சிரித்தது வகுப்பு. “அடிமைகள் மேய்த்தார்கள்” என்றோம்.

“அப்ப அவங்க கூட்டத்துக்கு வரலையா?”

“அவர்கள் வரக்கூடாது.”

“எல்லாரும்னு சொன்னீங்களே சார்?”

மணி அடித்தது, தப்பினோம். ஆனால் அந்தக் கேள்வியிடமிருந்து தப்ப முடியவில்லை. கல்லூரியில் மூன்றாண்டு படித்தோம். ‘ஏதென்ஸ் மக்களாட்சியின் சிறப்பியல்புகளை விவரி’ என்று கேட்டார்கள்; விவரித்தோம்; மதிப்பெண் பெற்றோம். அந்த மக்களாட்சி நடந்துகொண்டிருந்தபோது ஆட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் எவரையும் கேட்கவில்லை. காலையில் பட்டி திறந்து, ஆட்டை ஓட்டிவிட்டு, அது சாமைக் கொல்லையில் வாய் வைத்துவிடாமல் காத்துவிட்டு, அதன் பிறகு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அது முதற்கேள்வியாகத் தோன்றிற்று. பட்டம் பெற்ற நமக்குத் தோன்றவில்லை!

தோழர்களே, ‘எல்லாரும்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மலைதான் மக்களாட்சியைப் பெற்றெடுத்தது என்று நிலநூலை முன்வைத்துப் பேசுவோர் உண்டு. அதனை நாம் முற்றிலும் தள்ளவில்லை. கிரேக்க மண்ணில் ஐந்தில் நான்கு பங்கு மலை. ஏதென்ஸ் நகரைச் சூழ்ந்த அட்டிக்கா நிலம் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதனையும் மலைகள் பங்கு போட்டுக்கொண்டன. கோதுமைக்கு வளமற்ற மண், ஒலிவ மரத்துக்கு ஏற்ற மண். ஆகவே கடல் கடந்து தானியம் கொண்டுவந்தாக வேண்டும். கடலேறிய மக்கள் பல ஊர் கண்டனர், பல முறை கண்டனர், தம் ஊர் வழக்கம் ஒன்றே வழக்கமன்று என்று தெளிந்தனர். சிறிய நிலமும் அகன்ற கடலும் சேர்ந்து சிந்தனையைத் தூண்டின என்பது பொய்யன்று.

ஆனால் ஸ்பார்ட்டா எங்கே இருந்தது? அதே கிரேக்கத்தில்! அங்கும் மலைதான், டேகெட்டஸ் மலையின் நிழலில்தான் அந்த நகர் வளர்ந்தது. அங்கே விளைந்தது என்ன? ஹெலட்டுகள் எனப்பட்ட உழவடிமைகள் மீது ஆண்டுதோறும் முறைப்படி போர் அறிவித்து, அவர்களைக் கொல்வது குற்றமாகாது என ஆக்கிக்கொண்ட ஆட்சி விளைந்தது. ஒரே மலை, ஒரே மொழி, ஒரே கடவுளர் கூட்டம். ஓரிடத்தில் அவை, மற்றோரிடத்தில் பாசறை. மலை இடம் கொடுக்கும். ஆட்சிமுறையை மனிதர்தாம் செய்துகொள்ள வேண்டும்.

ஏதென்ஸ் மக்கள் செய்துகொண்டது எப்படி? கடனிலிருந்து தொடங்குகிறது அக்கதை. நிலமில்லாத உழவன் கடன் வாங்கினான். ஈடாகத் தன் உடலையே வைத்தான். கட்ட முடியாதபோது அடிமையானான். கடல் கடந்தும் விற்கப்பட்டான். கி.மு. 594 இல் பொறுப்பேற்ற சோலோன் அக்கடன்களை நீக்கினார்; இனி எவனும் தன் உடலை ஈடுவைத்துக் கடன் வாங்கலாகாது என்று சட்டம் செய்தார். இதைப் படிக்கையில் நமக்கு நம் மலை நினைவுக்கு வருகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு தொலைதூரத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவோர், அப்பணம் கழியும்வரை திரும்ப இயலாதோர், இன்றும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது 1976 இல். சோலோனுக்கும் அச்சட்டத்துக்கும் இடையே இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்!

அடுத்து வந்தவர் கிளைஸ்தனிஸ், ஆண்டு கி.மு. 508. குடிப்பெருமை பேசும் பெருங்குடும்பங்கள் தத்தம் வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு நகரை ஆட்டிப் படைத்த காலம் அது. அவர் என்ன செய்தார்? நகர்ப்பகுதி, கடற்கரை, உள்நாடு என மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து ஒன்றாகக் கட்டினார். அப்படிக் கட்டிய பிரிவுகள் பத்து; பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட அவை. மலையடி உழவனும் துறைமுகத்து மீனவனும் நகரத்துக் குயவனும் ஒரே பிரிவில். அதுமட்டுமா? மனிதன் இன்னான் மகன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாமல், இன்ன ஊரினன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. பெயரோடு ஒட்டிவருவதை மாற்றினால் என்ன மாறும் என்று ஏளனம் செய்வோர் எக்காலத்தும் உண்டு. 1929 இல் செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைக் கைவிடத் தீர்மானித்தவர்களின் வழிவந்த நாட்டில், அதற்கு மறுமொழி நாம் சொல்லவேண்டியதில்லை.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருவோம். பினிக்ஸ் என்ற குன்றின் மேல் கூடினர். முதன்மையான சில முடிவுகளுக்கு 6,000 பேர் இருந்தாக வேண்டும். ஆடவரான குடிமக்களே 30,000க்கு மேல் இருந்த காலம் அது. மராத்தான் பக்கத்து உழவன் வரவேண்டுமானால் 40 கிலோமீட்டர் நடக்கவேண்டும். வந்தானா? அரிஸ்டோபனிஸ் கி.மு. 425 இல் அரங்கேற்றிய நகைச்சுவை நாடகமொன்றின் தொடக்கக் காட்சியே இதுதான்: கூட்டத் திடல் வெறிச்சோடிக் கிடக்கிறது, போரால் ஊரைவிட்டு நகருக்கு வந்து அடைந்துகிடக்கும் ஒரு நாட்டுப்புறத்தான் மட்டும் விடியலிலேயே வந்து தனியே உட்கார்ந்திருக்கிறான், நகரத்தாரோ சந்தையில் வம்பளந்துகொண்டு, செஞ்சாயம் தோய்த்த கயிற்றுக்குத் தப்பி ஓடுகிறார்கள். அது என்ன கயிறு? சந்தையில் சுற்றுவோரைக் கூட்டத்துக்கு வளைத்து ஓட்டிவரும் கயிறு! சாயம் பட்ட ஆடையோடு வந்தவன் மாட்டிக்கொண்டவன். அக்கயிற்றைப் பிடித்தவர்கள் நகரின் காவற்பணியில் இருந்த பொது அடிமைகள் என்பர். எண்ணிப் பாருங்கள்: உரிமை உடையவனை உரிமைக்கு ஓட்டிவருகிறான், உரிமை இல்லாதவன்!

அரிஸ்டாட்டில் இதனையெல்லாம் நோக்கி ஒரு முடிவுக்கு வந்தார். உழவர் மிகுந்த மக்களாட்சியே சிறந்தது என்றார். உழவரின் அறிவைப் பாராட்டினார் போலும் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். உழவனுக்கு வேலை ஓயாது; ஆகையால் அடிக்கடி கூட்டத்துக்கு வரமாட்டான்; ஆகையால் ஆட்சி அமைதியாக நடக்கும் என்பதே அவர் காட்டிய காரணம். எவன் வரமாட்டானோ அவன் பெயரால் நடக்கும் ஆட்சியே நல்லாட்சி! பேரறிஞர்தான், ஐயமில்லை. ஆயினும் பேரறிஞர் சொன்னதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்று அவரே தம் ஆசிரியர் பிளேட்டோவோடு மாறுபட்டு நமக்குக் காட்டியிருக்கிறாரன்றோ? அடிமைத்தனத்துக்கும் அவர் காரணம் வைத்திருந்தார். தறியின் ஓடம் தானே ஓடினால் முதலாளிக்கு அடிமை வேண்டியதில்லை என்றார். இன்று ஓடம் தானே ஓடுகிறது. அதனால் தறிக்காரரெல்லாம் ஓய்வு பெற்றுக் கூட்டத்துக்கு வந்துவிட்டார்களா என்று எந்த நெசவூரிலேனும் கேட்டுப் பாருங்கள்.

சிறுமியின் கேள்விக்கு முழு விடை லாரியம் என்னும் இடத்தில் கிடைக்கிறது. அட்டிக்காவின் தென்கோடியில் உள்ள வெள்ளிச் சுரங்கம் அது. கி.மு. 483 அளவில் அங்கே வளமான வெள்ளி கண்டனர். அவ்வெள்ளியைக் குடிமக்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடாமல் போர்க்கப்பல் கட்டச் செய்தார் தெமிஸ்டோக்ளிஸ். 480 இல் சலாமிஸ் நீரிணையில் பாரசீகப் பேரரசைத் தோற்கடித்தன அக்கப்பல்கள். துடுப்பு வலித்தவர்களில் பெரும்பாலோர் சொத்தில்லாத ஏழைக் குடிமக்கள். ‘எங்கள் தோளால் நகர் நின்றது, எங்கள் சொல்லும் நகரில் நிற்கட்டும்’ என்னும் நிலை அதனால் உருவாயிற்று. ஏழைக்குக் குரல் கொடுத்தது கப்பல். கப்பலைக் கொடுத்தது வெள்ளி. வெள்ளியைக் கொடுத்தவர் யார்? ஆள் நிமிர இயலாத சுரங்கத்துக்குள் தவழ்ந்து பாறை கொத்திய அடிமைகள். கி.மு. 413 இல் ஸ்பார்ட்டாப் படை அட்டிக்காவில் வந்து தங்கியபோது, 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸைவிட்டு ஓடினர் என்று துசிடிடிஸ் எழுதுகிறார். மக்களாட்சியைப் பற்றி அவர்கள் கருத்தைப் பினிக்ஸ் குன்றில் எவரும் கேட்டதில்லை. கேளாமலே விடை சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் ஏதென்ஸை இகழ்வதாகக் கொள்ளற்க. அந்நகர் கண்டுபிடித்த ஒன்று, இன்றளவும் நாம் முழுதாகக் கைக்கொள்ளாதது. ஏழைக்கு உரிமை மட்டும் கொடுத்தால் போதாது, நேரமும் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். நீதிமன்றத்தில் அமரும் குடிமகனுக்கு நாட்படி கொடுக்கச் செய்தவர் பெரிக்ளிஸ். முதலில் இரண்டு ஓபல், பின்னர் மூன்று. கி.மு. 403க்குப் பிறகு, மக்கள் கூட்டத்துக்கு வருவோருக்கும் படி வந்தது. ஒரு நாள் கூலியை இழந்து வருபவன் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்ற எண்ணம் எத்துணை உயர்ந்தது! ஆனால் அந்தப் படியும் ஆண்மகனுக்கே. பெண்கள் ஆடவர் உடையணிந்து கூட்டத்தில் புகுந்து ஆட்சியைப் பிடிப்பதாக அரிஸ்டோபனிஸ் இன்னொரு நாடகம் எழுதினார். அரங்கில் சிரித்தார்கள். அது நகைச்சுவையாகத் தோன்றியதே அவர்கள் ‘எல்லாரும்’ என்றதன் எல்லை.

கிரேக்கத்தைச் சாடுவது எளிது. அது தொலைவில் இருக்கிறது. செய்யாறு நம் மலையிலே பிறக்கிறது. அதன் வழியே இறங்கிச் செங்கம் கடந்து, செய்யாறு நகரும் கடந்து போனால், அது பாலாற்றில் கலப்பதற்கு முன் உத்திரமேரூர்ப் பக்கம் வந்துசேரலாம். அவ்வூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919 இலும் 921 இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்பு எனப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லி, உரக்கப் படித்து வாரியங்களுக்கு ஆள் அமர்த்தினர். ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். அவர்கள் கல்லால் ஒரு பொறி செய்தார்கள், நம்மவர் குடம் வைத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கலாகாது. மூன்றாண்டுக்குள் பதவியில் இருந்தவனும் நிற்கலாகாது என்ற விதிகளைப் படிக்கையில், இவ்விதி இன்றிருந்தால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எண்ணிச் சிரிப்பு வருகிறது.

ஆயினும் ‘உலகுக்கே மக்களாட்சி கற்றுக்கொடுத்தோம்’ என்று மேடையில் முழங்குவோர் படிக்காமல் விடும் வரிகள் அதே சுவரில் உள்ளன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதமும் அதன் உரையும் கற்றவனுக்கு மட்டும் நிலத்தில் சலுகை உண்டு. அது சதுர்வேதிமங்கலம், கூடியது பார்ப்பனர் சபை. அவ்வூரின் ஏரியைத் தூர்வாரியவனும், வயலில் நாற்று நட்டவளும், குடத்தைச் சுட்டுக் கொடுத்த குயவனும் எந்த ஓலையில் இருந்தார்கள்? குடம் இருந்தது, ஓலை இருந்தது, ஒழுங்கு இருந்தது, ‘எல்லாரும்’ இல்லை. இப்பாடத்தையும் வகுப்பில் நடத்தினோம். அன்று முதல் நம் வகுப்பில் கரும்பலகை துடைக்கும் முறையும், தண்ணீர் எடுக்கும் முறையும் சீட்டுக் குலுக்கித்தான். ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் எல்லாப் பெயரும் சீட்டில் உண்டு.

இனி மலைக்குத் திரும்புவோம். இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனும் பழங்குடியினர். கேரள நாட்டார் என மயங்கற்க. மலையை ஆள்வோர் என்று பொருள் கொள்வர். ‘நாடு’ என்ற சொல் இங்கே இன்னும் பழைய பொருளோடு வாழ்கிறது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று சில பள்ளத்தாக்கு ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. கிரேக்கன் ஒருவன் வந்து பார்த்தால் இதைத் தன் ஊர் என்றே கருதியிருப்பான். ஊர்க்கவுண்டர், நாட்டார் என முறைகாரர் உண்டு. கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கமும் உண்டு. நாம் தங்கியுள்ள ஊரில் அக்கூட்டத்தை ஓரிரு முறை கண்டோம். எப்போது கூடுகிறார்கள் தெரியுமா? இரவில்! ஆடுகள் பட்டியில் அடைந்த பிறகு, அடுப்பு அணைந்த பிறகு. ஏதென்ஸின் அறிஞருக்குத் தோன்றாத விடை இம்மலைமக்களுக்குத் தோன்றியிருக்கிறது. வேலை முடிந்தபின் கூடினால் வேலையைச் சுமக்க அடிமை வேண்டியதில்லை! வியந்தோம், பிறகு வட்டத்தைப் பார்த்தோம். ஒரு பெண் இல்லை. பெண்கள் திண்ணைக்கு அப்பால், இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழங்குடி வாழ்வே பழுதற்ற சமத்துவம் என்று நகரத்திலிருந்து பாடுவோர் அந்த இருட்டையும் பார்க்கவேண்டும்.

சட்டம் வேறொரு கூட்டத்தைத் தந்திருக்கிறது. அரசமைப்பின் 73 ஆம் திருத்தத்தை ஒட்டி வந்த 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் அனைவரும் கிராம சபை உறுப்பினர். நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். ஆணும் பெண்ணும் சமம். ஊராட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016 இல் சட்டம் திருத்தினர். ஏதென்ஸ் கனவிலும் காணாத ‘எல்லாரும்’ இது. ஆனால் கூட்டம் எங்கே? எப்போது? ஊராட்சியில் குக்கிராமங்கள் பல, கூட்டம் ஓரிடத்தில், நேரம் முற்பகல். ஆடு மேயும் நேரம்! நடந்துபோய் வர ஒரு நாள் போகும். ஆடவர் பலர் ஊரிலேயே இல்லை. பிழைப்புக்காக வெளி மாநிலத்தில். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டினர். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர். அவர்கள் பெயரும் ஏதோ ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்திருக்கும். பட்டியலில் இருப்பது ஒன்று; கூட்டத்தில் இருப்பது மற்றொன்று.

பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குத் தனி வலிமை தரும் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் இம்மலைக்கு எட்டவில்லை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டுப் பகுதி எதுவும் சேர்க்கப்படாததே காரணம். 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ எட்டுகிறது. காட்டு நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையைக் கிராம சபைதான் முதலில் ஆராயவேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் வரவேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருக்கவேண்டும் என்பது 2012 இல் திருத்திய விதி. பினிக்ஸ் குன்றில் ஐந்தில் ஒருவர் போதும். இங்கே இருவரில் ஒருவர்! நம் கருத்து இதுதான்: விதி சரி, ஆனால் அவ்விதி நிறைவேற, கூட்டம் குக்கிராமத்துக்கு வரவேண்டும், ஆடு அடைந்த நேரத்துக்கு வரவேண்டும், அல்லாவிடில் வருவோருக்கு அன்றைய கூலி தரவேண்டும். மலைமக்களின் கூட்டம் நேரத்தை அறிந்திருக்கிறது, பெண்ணை அறியவில்லை. சட்டத்தின் கூட்டம் பெண்ணை அறிந்திருக்கிறது, நேரத்தை அறியவில்லை. இவை இரண்டும் ஒன்றையொன்று கற்றுக்கொள்ளாத வரை, ஒருவர் குடிமகனாக அமர்வதற்கு இன்னொருவர் ஆட்டோடு காட்டில் நிற்கத்தான் வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதே ஏதென்ஸிலும் கேள்வி, இங்கேயும் கேள்வி.

கடந்த ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடி ஏற்றினோம், இனிப்பு வழங்கினோம். கேள்வி கேட்ட சிறுமி வரவில்லை. அவள் பங்கை எடுத்துவைத்து, பள்ளி மீண்டும் கூடிய நாளில் கொடுத்தோம். அன்று அவள் தாய் ஒன்பது கிலோமீட்டர் நடந்து கிராம சபைக்குப் போயிருக்கிறார். அவ்வூரிலிருந்து சென்ற பெண்கள் நால்வர். அதற்கு முன் ஒருவரும் சென்றதில்லையாம். குடிநீர்க் குழாய் பற்றி எழுந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்த பிறகே திரும்பியிருக்கிறார். மகிழ்ந்தோம்.

“சரி, நீ ஏன் கொடியேற்றத்துக்கு வரவில்லை?”

“ஆடு மேய்க்கப் போயிட்டேன் சார். வீட்டுல சீட்டுக் குலுக்கினோம். எம்பேரு வந்துச்சு.”

“அண்ணன் பெயரையும் எழுதிப் போட்டீர்களா?”

“போட்டோம் சார். அப்பா பேரும் போட்டோம்.”